இணைய விளம்பரத் தொழிலில் மெய்யும் பொய்யும்

பொருள் தேடுவது பாவமன்று. அறம், பொருள், இன்பம், வீடு என்று உறுதிப் பொருள்களை நான்காக வகுத்த நம் முன்னோர், பொருளை அறத்திற்கு அடுத்த இடத்தில் வைத்தனர். அறத்தின் வழியில் வந்த பொருளே குடும்பத்தையும் கோயிலையும் தாங்கும் என்பது அதன் கருத்து. நம் அறநிலையத்தின் உண்டியலில் விழும் ஒவ்வொரு வெள்ளியும் யாரோ ஒருவர் வியர்வை சிந்திச் சம்பாதித்தது. அந்த வெள்ளி இன்று எவ்வழியாகக் களவு போகிறது என்பதை ஆண்டு மலரில் எழுதுவது பொருத்தமே என்று கருதி இக்கட்டுரையை வரைகிறோம்.

கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த நம் பெற்றோர் அதிகம் படித்தவர்கள் அல்லர். ஆனால் பால் நிறுக்கும் கொட்டகையில் கிராணி எடை சொல்லும்போது, தராசு முள் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்க்க அவர்கள் தவறியதில்லை. ஒரு கட்டை குறைந்தால் கேட்பார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் படித்தவர்கள், கைப்பேசியில் உலகத்தையே பார்ப்பவர்கள். ஆனால் தராசு முள்ளைப் பார்க்கும் பழக்கம் மட்டும் நம்மிடம் குறைந்துவிட்டது.

தோட்டத்தில் 'கூட்டு' கட்டிய காலம் பலருக்கு நினைவிருக்கும். பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஐம்பது வெள்ளி போட்டு, ஒருவர் பின் ஒருவராக எடுத்துக்கொள்வது வழக்கம். ஒரே லயத்தில் வாழ்ந்து, ஒரே கோயிலில் கும்பிட்டவர்களிடையே முகத்தைப் பார்த்து வந்த நம்பிக்கையே அதற்குப் பிணை. அதையும் தொழிலாக்கிப் பணத்தோடு ஓடியவர்கள் உண்டு. ஆகவே 1971-ஆம் ஆண்டில் கூட்டு நிதித் தடைச் சட்டம் வந்தது. இன்றைய இணைய ஏமாற்று வேலை, அந்தப் பழைய நம்பிக்கையை முகமே இல்லாத இடத்தில் விலை பேசுகிறது.

உண்மையான தொழில் எப்படி நடக்கிறது?

இணையத்தின் வழிச் சம்பாதிப்பது முற்றிலும் பொய் என்று சொல்லிவிட முடியாது. வலைப்பூ எழுதுவோரும் காணொளி வெளியிடுவோரும் விளம்பரத்தால் வருமானம் பெறுகின்றனர். அமேசான் நிறுவனம் 1996-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஒருவர் தம் பக்கத்தில் ஒரு பொருளைப் பரிந்துரைத்து, அதன் வழியாக யாரேனும் அப்பொருளை வாங்கினால் அவருக்குத் தரகு கிடைக்கும். கூகுள் நிறுவனத்தின் 'ஆட்சென்ஸ்' என்னும் விளம்பரச் சேவை 2003-இல் தொடங்கியது. நம் நாட்டிலேயே 2007-இல் 'நஃப்நேங்' என்ற நிறுவனம் தோன்றி, வலைப்பூ எழுதுவோருக்கும் விளம்பரதாரருக்கும் பாலமாக இருந்தது. தமிழில் எழுதப்படும் பக்கங்களுக்கு ஆட்சென்ஸ் 2018-ஆம் ஆண்டில்தான் ஆதரவு அறிவித்தது.

இவற்றில் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஆட்சென்ஸில் சேர எழுத்தாளர் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. விளம்பரம் கொடுக்கும் கடைக்காரர் பணம் தருகிறார். இடையில் நிற்கும் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை எழுத்தாளருக்கு அனுப்புகிறது. கணக்கில் 100 அமெரிக்க டாலர் சேர்ந்த பிறகே பணம் கைக்கு வரும். பெரும்பாலோருக்கு அந்த நூறு டாலர் சேரவே பல மாதங்கள் ஆகும். படிக்க ஆள் வரவேண்டும், ஆள் வர நல்ல எழுத்து வேண்டும், நல்ல எழுத்துக்கு உழைப்பு வேண்டும்.

நம் வட்டாரத்து உவமை ஒன்று சொல்லலாம். பெர்ணம் ஆற்று நீர் வாய்க்கால் வழியாகத் தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களுக்கு வருகிறது. ஆற்றிலிருந்து வயலுக்கு நீர் ஓடினால் அது பாசனம். வயலிலிருந்து ஆற்றுக்கு ஓடினால் அது வடிகால். வாய்க்கால் பார்வைக்கு ஒன்றுதான். ஓடும் திசைதான் வேறு. இணையத் தொழிலிலும் அப்படியே. விளம்பரதாரரிடமிருந்து உங்களுக்குப் பணம் வந்தால் அது தொழில். உங்களிடமிருந்து 'கம்பெனி'க்குப் பணம் போனால் அது உங்கள் சேமிப்பை வடிக்கும் வாய்க்கால். இக்கட்டுரையில் வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இந்த ஒன்று நிற்கட்டும்.

பொய்த் தொழில் வரும் வேடங்கள்

முதல் வேடம், பதிவுக் கட்டணம். "120 வெள்ளி கட்டுங்கள், உங்களுக்கு ஒரு விளம்பரப் பக்கம் தருவோம், தினமும் பார்த்தால் பணம் வரும்" என்பார்கள். பிறகு ஆறு பேரைச் சேர்க்கச் சொல்வார்கள்.

இரண்டாவது வேடம், வகுப்பு. "வலைப்பூவில் மாதம் பத்தாயிரம் வெள்ளி சம்பாதிப்பது எப்படி?" என்று கற்றுத் தருவதற்கு ஆயிரம், இரண்டாயிரம் வெள்ளி கேட்பார்கள். கற்பிப்பவரின் வருமானம் வலைப்பூவிலிருந்து வருகிறதா, வகுப்புக் கட்டணத்திலிருந்து வருகிறதா என்று யாரும் கேட்பதில்லை.

மூன்றாவது வேடம், சிறு வேலை. ஒரு காணொளிக்கு விருப்பம் தெரிவித்தால் ஐந்து வெள்ளி. முதல் நாள் பணம் உண்மையிலேயே வந்துவிடும். மூன்றாம் நாள் "பெரிய வேலை இருக்கிறது, 300 வெள்ளி முன்பணம் கட்டுங்கள்" என்பார்கள். அதுவும் திரும்பி வரும். பிறகு 3,000. அதன் பின் "கணக்கு முடக்கப்பட்டுள்ளது, திறக்க இன்னும் 5,000 வேண்டும்" என்பார்கள். சூதின் முதல் வெற்றியைத் தூண்டில் இரையை விழுங்கும் மீனோடு ஒப்பிட்டார் வள்ளுவர். அந்த ஐந்து வெள்ளியே இங்குத் தூண்டில் இரை.

நான்காவது வேடம், சிறு வணிகரைக் குறிவைப்பது. வீட்டில் முறுக்கும் மசாலைத்தூளும் செய்து விற்கும் பெண்களிடம், "கூகுள் தேடலில் உங்கள் கடையை முதலிடத்துக்குக் கொண்டு வருவோம், பத்தாயிரம் பேரை உங்கள் பக்கத்தைப் பின்தொடர வைப்போம்" என்று பணம் வாங்குவார்கள். தேடலில் முதலிடம் என்று எவராலும் உறுதி தர முடியாது என்று கூகுள் நிறுவனமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. காசுக்கு வாங்கிய பத்தாயிரம் பேரில் ஒருவர்கூட முறுக்கு வாங்கமாட்டார்.

ஐந்தாவது வேடம், வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்பது. "வெளிநாட்டு விளம்பரப் பணம் உங்கள் கணக்கில் வரும், எடுத்துக் கொடுத்தால் மாதம் 500 வெள்ளி" என்று எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளைப் பிடிப்பார்கள். வருவது வேறொருவரிடம் கொள்ளையடித்த பணம். இதற்கென்றே 2024-இல் நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. தன் கணக்கையோ வங்கி அட்டையையோ பிறர் தகாத முறையில் பயன்படுத்தக் கொடுப்பது இன்று குற்றம். "எனக்குத் தெரியாது" என்ற சொல் எளிதில் காப்பாற்றாது.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. இணைய வேலை, கைநிறையச் சம்பளம் என்று நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் போன மலேசிய இளைஞர்கள் அங்கே அடைத்து வைக்கப்பட்டு, பிறரை ஏமாற்றும் வேலையைச் செய்யும்படி வற்புறுத்தப்பட்ட செய்தி 2022 முதல் பலமுறை வெளிவந்தது.

நடந்த வழக்குகள் சொல்லும் பாடம்

இது புதிய நோய் அன்று. 1980-களில் பேரா மாநிலத் தைப்பிங்கில் 'பாக் மான் தேலோ' திட்டம் மாதம் நூற்றுக்குப் பத்து வெள்ளி தருவதாகச் சொல்லிப் பல்லாயிரம் பேரிடம் பணம் திரட்டியது. அப்போது இணையம் இல்லை. வாய்ச்சொல்லே போதுமாக இருந்தது. இணையம் வந்த பின் 'சுவிஸ்கேஷ்' வந்தது. தன்னை 1948-இல் தோன்றிய சுவிஸ் நிதியமாகக் காட்டிக்கொண்டு, 15 மாதத்தில் 300 விழுக்காடு வரை இலாபம் என்றது. பங்குப் பத்திர ஆணையம் 2007-இல் அதன்மீது வழக்குத் தொடுத்தது. 2017-இல் பினாங்கைச் சேர்ந்த 'ஜே.ஜே.பி.டி.ஆர்.' திட்டம் சரிந்தது. அந்தப் பெயர், 'சாதாரண மக்களைக் காப்போம்' என்று பொருள்படும் சீனச் சொற்களின் சுருக்கம். மாதம் 20 விழுக்காடு தருவோம் என்றார்கள். பணம் வருவது நின்றதும், கணினிக் கள்வர் புகுந்துவிட்டதாகக் காரணம் சொன்னார்கள்.

விளம்பரத் தொழிலுக்கு மிக நெருங்கிய வழக்கு இந்தியாவில் நடந்தது. சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட 'ஸ்பீக் ஏசியா' 2010-இல் அங்கே பரவியது. 11,000 ரூபாய் கட்டி உறுப்பினரானால், வாரந்தோறும் இணையத்தில் சில கேள்விகளுக்கு விடையளித்து 1,000 ரூபாய் பெறலாம் என்றது. வணிக நிறுவனங்கள் மக்கள் கருத்தை அறிய அதற்குப் பணம் தருகின்றன என்பது அவர்கள் சொன்ன விளக்கம். 2011-இல், வாடிக்கையாளர் என்று பெயர் சொல்லப்பட்ட பெரிய நிறுவனங்கள் சில, "எங்களுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை" என்று மறுத்தன. கொடுப்பனவு நின்றது. அதற்குள் சேர்ந்தவர் தொகை சுமார் 20 இலட்சம் என்று செய்திகள் கூறின. அத்தனை பேரில் தொடக்கத்திலேயே ஒருவர் அந்த நிறுவனங்களுள் ஒன்றுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருந்தால் உண்மை தெரிந்திருக்கும்.

கோயம்புத்தூரில் 'மை வி3 ஆட்ஸ்' என்ற நிறுவனம் கைப்பேசியில் விளம்பரம் பார்த்தால் தினமும் பணம் என்று உறுப்பினரைச் சேர்த்தது. 2024 ஜனவரியில் காவல்துறை வழக்குப் பதிவு செய்தபோது, நிறுவனத்துக்கு ஆதரவாக ஆயிரக்கணக்கானோர் நீலாம்பூர் அருகே திரண்டனர். குற்றம் உண்டா இல்லையா என்பதை நீதிமன்றமே சொல்ல வேண்டும். நாம் கவனிக்க வேண்டியது வேறு. பணம் கட்டியவரே கட்டாதவரைவிட உரக்கப் பேசுவார். அவருடைய பணம் உள்ளே இருக்கிறது. திட்டம் நின்றால் அதுவும் போய்விடும். ஆகவே, "நானே வாங்கினேன், எனக்கு வந்தது" என்று ஒருவர் சொல்வது சாட்சி ஆகாது.

சட்டம் தண்டிக்காதா என்று கேட்கலாம். தண்டிக்கும்; ஆனால் காலம் கடக்கும். திருப்பூரில் 2009-இல் சரிந்த 'பாசி' அந்நியச் செலாவணித் திட்டத்தில் சுமார் 930 கோடி ரூபாய் மோசடி. அதை நடத்தியவர்களுக்கு 27 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்த தீர்ப்பு 2022-இல்தான் வந்தது. இடைப்பட்ட 13 ஆண்டில் எத்தனை திருமணங்கள் நின்றிருக்கும், எத்தனை வீடுகள் அடமானத்தில் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கணக்குப் பார்ப்போம்

ஒருவர் ஆறு பேரைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் படியில் 6 பேர், இரண்டாவதில் 36, மூன்றாவதில் 216, நான்காவதில் 1,296. நம் வட்டாரக் கோயில் திருவிழாக் கூட்டமே அங்கு முடிந்துவிடும். எட்டாவது படியில் 16 இலட்சத்து 79 ஆயிரத்து 616 பேர் வேண்டும். பத்தாவது படியில் ஆறு கோடிக்கு மேல்; மலேசியாவின் மொத்த மக்கள்தொகை அதில் ஏறக்குறையப் பாதிதான். ஆகவே கடைசிப் படியில் நிற்பவர் ஏமாறுவது தற்செயல் அன்று. கணக்கே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

இலாபக் கணக்கையும் பார்ப்போம். மாதம் 20 விழுக்காடு என்றால், இலாபத்தை எடுக்காமல் விட்டுவைத்த 1,000 வெள்ளி பன்னிரண்டு மாதத்தில் 8,916 வெள்ளி ஆகவேண்டும். ஊழியர் சேமநிதி வாரியம் 2024-ஆம் ஆண்டுக்கு அறிவித்த இலாப ஈவு 6.30 விழுக்காடு, அதாவது 1,000 வெள்ளி 1,063 வெள்ளி ஆனது. நிபுணர்களை வைத்து நாடு முழுவதன் சேமிப்பையும் நிர்வகிக்கும் வாரியம் ஓராண்டில் 63 வெள்ளி ஈட்டுகிறது. கைப்பேசியில் வந்த முகம் தெரியாத ஒருவர் 7,916 வெள்ளி ஈட்டித் தருவாராம். இதில் எது நம்பத்தக்கது?

சேர்வதற்கு முன் ஆறு கேள்விகள்

1. பணம் எப்பக்கம் ஓடுகிறது? வேலை கொடுப்பவரே என்னிடம் பணம் கேட்கிறாரா?

2. விளம்பரம் கொடுக்கும் கடைக்காரர் யார்? அவரை நானே தொலைபேசியில் அழைத்துக் கேட்க முடியுமா?

3. ஆள் சேர்க்காவிட்டாலும் வருமானம் உண்டா? இல்லை என்றால் அங்கே விற்கும் சரக்கு விளம்பரம் அன்று, நம் உறவினர்கள்தாம்.

4. உரிமம் யார் தந்தது? நிறுவனப் பதிவு ஆணையத்தில் பெயர் பதிந்திருப்பது உரிமம் ஆகாது. மக்களிடம் வைப்புத்தொகை பெறுவதற்கு 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி உரிமம் வேண்டும். நேரடி விற்பனைக்கு 1993-ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டப்படி உரிமம் வேண்டும்; பிரமிட் திட்டங்கள் தடை செய்யப்பட்டவை. பேங்க் நெகாராவும் பங்குப் பத்திர ஆணையமும் எச்சரிக்கைப் பட்டியல் வெளியிடுகின்றன. பெயர் அதில் உண்டா என்று பார்க்கலாம். பட்டியலில் பெயர் இல்லை என்பதாலேயே நல்லது என்று முடிவு கட்டவும் கூடாது.

5. பணம் போகும் கணக்கு யார் பெயரில் இருக்கிறது? 'கம்பெனி'க்கு என்று சொல்லித் தனி ஆளின் கணக்கைத் தந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த எண்ணைக் காவல் படையின் 'செமாக் மியூல்' தளத்தில் சோதித்துப் பார்க்கலாம். அதிலும் புகார் வந்த எண்கள்தாம் தெரியும்.

6. ஏன் இந்த அவசரம்? "இன்று இரவு பன்னிரண்டு மணிக்குள்" என்று ஒருவர் நெருக்கினால், காலையில் நீங்கள் யோசித்துவிடுவீர்கள் என்று அவர் அஞ்சுகிறார் என்பது பொருள்.

ஏமாந்துவிட்டால்

வெட்கப்பட்டு மறைப்பதுதான் கள்வனுக்குச் செய்யும் பெரிய உதவி. உடனே உங்கள் வங்கியின் அவசர எண்ணை அல்லது 997 என்ற எண்ணை அழையுங்கள். இது 2022-இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண். பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதற்குள் முடக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பிறகு காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். அனுப்பிய செய்திகளையும் பணம் கட்டிய சான்றுகளையும் அழிக்காதீர்கள். "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்று வருபவர் இரண்டாவது கள்வர்.

வீட்டில் இருப்போருக்கும் ஒரு சொல். 55 வயதில் சேமநிதிப் பணம் எடுத்த ஒரு தாய் ஏமாந்தால், அவரைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை சொல்லமாட்டார்.

கோயிலுக்கும் பங்கு உண்டு

இனி நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இத்தகைய திட்டங்கள் நம்மிடையே எவ்வழியாகப் பரவுகின்றன? "அண்ணே, நம்ம கோயில் ஆளுங்க நல்லா இருக்கணும்னுதான் சொல்றேன்" என்ற சொல்லோடுதான் அவை வருகின்றன. முகவர் ஒருவர் அன்னதானத்துக்குப் பெருந்தொகை தருகிறார். நாமும் மகிழ்ந்து மேடையேற்றி, மாலையிட்டு, பொன்னாடை போர்த்துகிறோம். மறுநாள் அந்தப் படம் புலனக் குழுக்களில் சுற்றுகிறது. "கோயில் தலைவரே பாராட்டியவர்" என்பதுதான் அவருக்குச் சிறந்த விளம்பரம். நாம் பெற்ற நன்கொடை, நம் பக்தர்களை அவரிடம் ஒப்படைத்த கூலியாக மாறிவிடுகிறது.

ஆகவே நிர்வாகத்தினர் மூன்று செய்யலாம். கோயில் மண்டபத்திலும் கோயிலின் புலனக் குழுவிலும் முதலீடு, ஆள்சேர்ப்பு பற்றிய பேச்சுக்கு இடம் கொடுக்கக்கூடாது. ஆண்டு மலரின் விளம்பரப் பக்கங்களிலும், இம்மலர் உட்பட, உரிமம் தெரியாத திட்டங்களைச் சேர்க்கக்கூடாது. பக்கம் குறைந்தாலும் பரவாயில்லை. திருப்பணி நன்கொடையைக் கோயில் பெயரில் உள்ள கணக்கில் மட்டுமே பெற்று, இரசீது தரவேண்டும். சுவாமி படத்தைப் போட்டுத் தனியார் கணக்குக்குப் பணம் கேட்கும் செய்தி வந்தால், அன்பர்கள் கோயில் அலுவலகத்தை நேரில் கேட்டறிய வேண்டும்.

சிறுசேமிப்பு பெருஞ்செயல் ஆனதற்கும் நம் வரலாற்றில் சான்று உண்டு. 1960-இல் துன் சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர் சிறுகச் சிறுகத் தந்த பணத்தால் தோட்டங்களையே வாங்கியது. அங்கே உறுப்பினர்கள் பட்டியல் இருந்தது, கணக்கு இருந்தது, கண்ணால் பார்க்க நிலம் இருந்தது. ஒரே இரவில் செல்வம் என்ற வாக்கு இல்லை.

வெஃகாமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். பிறர் பொருளைக் கவர எண்ணாதிருத்தல் அதன் பொருள். நமக்குக் கீழே சேரும் ஆறு பேரின் பணத்தில்தான் நம் இலாபம் வருகிறது என்று தெரிந்த பின்னும் சேர்ந்தால், ஏமாந்தவர் என்ற பெயர் நமக்குப் பொருந்தாது. அந்த ஆறு பேரும் நம் மாமாவும் அக்காவும் அடுத்த வீட்டுக்காரரும்தாம். போன பணத்தை உழைத்துத் திரும்பச் சம்பாதிக்கலாம். திருவிழாவில் அவர்கள் முகத்தை நேராகப் பார்க்கும் உரிமையைச் சம்பாதிப்பது கடினம்.

நம் பிள்ளைகள் இணையத்தைக் கற்கட்டும், எழுதட்டும், நேர்மையாகச் சம்பாதிக்கட்டும். தராசு முள்ளைப் பார்க்கும் கண்ணை மட்டும் இழக்காதிருக்கட்டும். எல்லாம் வல்ல இறைவன் அந்தத் தெளிவை நம் அனைவர்க்கும் அருள்வானாக.